மூன்று கண் மரக்கிளி

முன்னொரு காலத்திலே, மழையை நம்பியே பிழைத்த ஒரு நாட்டிலே, வீரணன் என்று ஓர் ஏரிக்காவல்காரன் இருந்தான். "ஏரியை எனக்குக் கொடுத்துவிடு" என்றான் கரிமூக்கன் என்ற மந்திரவாதி. "ஊர்த் தண்ணியைக் கொடுக்க நான் யாரய்யா?" என்றான் வீரணன். அவ்வளவுதான், மந்திரவாதி மந்திரக்கோலை நீட்டினான்; வீரணன் ஏரி நடுவிலே நின்ற உருவத்தோடே பாறையாகிப் போனான்.

"மரத்தால் செய்த பறவை உன் தலைமேல் உட்கார்ந்து பாடினால் எழுந்து வா. அதற்குள் தண்ணீர் தலையை மூடினால் என்றைக்கும் பாறைதான்!" என்று சிரித்துவிட்டுப் போனான் மந்திரவாதி.

கரையில் நின்று இதைக் கேட்ட வீரணன் பெண்டாட்டி அன்னக்கொடி, கைக்குழந்தையை இடுக்கிக்கொண்டு ஓடினாள். கிளி செதுக்க நல்லமுத்து ஆசாரி, வண்ணம் தீட்டச் சித்திரக்காரர் வேலப்பர், பாட்டுக்குப் பொன்னுரங்கி அக்கா என்று மூன்று பேரைக் கூட்டி வந்தாள். மூவரும் பெரிய பக்திமான்கள். அங்கேதான் வந்தது வினை.

மழை பிடித்தது. பாறையின் முழங்காலுக்குத் தண்ணீர் வந்தது. ஆசாரி பல்லி சொல்லட்டும் என்று உளியோடு உட்கார்ந்திருந்தார். இடுப்புக்கு வந்தது, வேலப்பர் அம்மன் உத்தரவுக்குப் பூக்கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கு வந்தது, பொன்னுரங்கி இன்னும் கும்பிட்டு எழவில்லை.

"அக்கா, அவரு குளிக்க நிக்கலை, முழுகப் போறாரு!" என்று கத்தினாள் அன்னக்கொடி.

ஒருவழியாகக் கிளி முடிந்தது. கண் திறப்பதுதான் பாக்கி. கண் திறந்தால்தானே உயிர்!

மறுநாள் விடிந்ததும் அன்னக்கொடி ஆசாரியின் கொட்டகைக்குள் போனாள். கிளிக்கு மூன்று கண்! இடப்பக்கம் உளியால் தோண்டிய கண், நெற்றியில் மையால் எழுதிய கண், பிடரியில் குன்றிமணி ஒட்டிய கண்.

"விடியக்காலைக் கனவிலே அம்மன் வந்து என்னைத்தான் திறக்கச் சொன்னா" என்றார் ஆசாரி.

"என்கிட்டதான் சொன்னா" என்றார் வேலப்பர்.

"போங்கய்யா, எனக்குத் தலையைத் தடவியே சொன்னா" என்றாள் பொன்னுரங்கி.

கிளி வாய் திறந்தது. "பறக்கவா?" "உட்காரவா?" "திரும்பவா?" என்று மூன்று குரலில் தனக்குத்தானே சண்டை போட்டுத் தொப்பென்று விழுந்தது.

அன்னக்கொடிக்கு வந்ததே கோபம்! "பொய்யின்னு நான் சொல்லலை. அம்மன் மூணு வீட்டுக்கும் வந்திருப்பா. ஒரு ஆளு போதும்னா அவ ஏன் கொட்டுற மழையிலே மூணு வாசப்படி ஏறணும்? அவளுக்கு வேற வேலை இல்லையா? உத்தரவைக் கேட்டீங்களே, பக்கத்து வீட்டுக்கும் போனியா தாயேன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

மூவரும் விழுந்த கிளியைத் தூக்கி நடுவில் வைத்தார்கள். வெளியே தண்ணீர் பாறையின் மோவாயைத் தொட்டது.

பழைய கண்களை மெழுகால் அடைத்தார்கள். ஆசாரி இரண்டு குழி தோண்டினார். அதில் வேலப்பர் மை எழுதினார். நடுங்காத அந்த விரலைப் பார்த்து ஆசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். மை காயக் காயப் பொன்னுரங்கி பாட, மற்ற இருவரும் கூடப் பாடினார்கள். கட்டைக் குரல்தான், ஆனாலும் பாடினார்கள்.

கிளி சிமிட்டியது. விர்ரென்று பறந்து, மூக்குவரை முழுகிய பாறைமேல் உட்கார்ந்து ஒரே குரலில் பாடியது.

பாறை தும்மியது! எங்கோ கரிமூக்கனின் மந்திரக்கோல் மடாரென்று ஒடிந்தது. வீரணன் நீந்திக் கரையேறி, "புள்ளை எங்கே?" என்றான்.

புதுமுகத்தைக் கண்டு வீறிட்ட குழந்தை, கொஞ்ச நேரத்தில் அவன் ஈர மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் "ஆ!" என்றான். அன்னக்கொடி அத்தனை நாளும் அடக்கி வைத்த அழுகையையும் சிரிப்பையும் சேர்த்துக் கொட்டினாள்.

கரையேறியவர் வீடு சேர்ந்தார். கதை கேட்டவர் பாய் சேருங்கள்.