எல்லாம் அடக்கம்

ஒழுகுகிற கூரைக்குக் கீழே நிற்பவளைக் கண்டால் சிலருக்கு எத்தனை இளக்காரம்!

சாத்தூரில் மெஸ் நடத்திய சீனியம்மாளுக்குக் கூரை மாற்ற இரண்டு பேர் கொட்டேஷன் கொடுத்தார்கள். ஒருவர் ஒவ்வொரு வேலையையும் பிரித்து எழுதியிருந்தார். காண்ட்ராக்டர் மருதப்பனோ குறைந்த தொகையைப் போட்டு, கீழே ‘எல்லாம் அடக்கம்’ என்று முடித்திருந்தார்.

மத்தியானக் கூட்டத்தில் சாப்பிட வந்த மருதப்பன், எல்லோர் காதிலும் விழக் கேட்டார்.

“ரெண்டு பேப்பரை வச்சுக்கிட்டு என்னம்மா ஆராய்ச்சி? கம்மியா இருக்கிறதுல கையெழுத்தைப் போடு. அடுப்படிக்காரிக்குக் கூரையைப் பத்தி என்ன தெரியும்?”

சீனியம்மாளுக்குச் சுருக்கென்றது.

“பழைய ஷீட்டைக் கழட்டுறதும் இதுல சேர்ந்ததுதானே அண்ணாச்சி?”

“அது தனி.”

“முகட்டுத் தகடு?”

“அதுவும் தனி.”

“ஆணியாச்சும்?”

“தனிதாம்மா! முதல்ல சாப்பாட்டைப் போடு.”

அவள் இலையை விரித்து வெறும் சோற்றை வைத்தாள்.

“குழம்பு எங்கே?”

“அது தனி அண்ணாச்சி.”

“பொரியல்?”

“அதுவும் தனி.”

மருதப்பன் எகிறினார். “வாசல் போர்டுல முழுச்சாப்பாடுன்னு எழுதியிருக்கே!”

“உங்க பேப்பர்லயும்தான் எல்லாம் அடக்கம்னு எழுதியிருக்கு. ஒரு ஆணிகூட அடங்கலையே! ஏமாத்துறதையும் ஏமாத்திட்டு, எனக்கு என்ன தெரியும்னு வேற கேக்கீகளா?”

மெஸ்ஸே சிரித்தது. மருதப்பன் விருட்டென்று எழுந்து வாசலுக்கு நடந்தார்.

“நில்லுங்க அண்ணாச்சி! பழசைக் கழட்டுறது தனின்னீகளே, இங்கே இலையை எடுக்கிறதும் தனி. வந்து எடுத்துட்டுப் போங்க!”