அரசர் கன்னமும் வெண்கலக் கிண்ணமும்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாடு என்றொரு நாட்டைக் கனகசேகரன் என்ற ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் நினைத்தால் நினைத்ததுதான். மாற்றிச் சொன்னவன் அன்றைக்கே ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும். இளவயது. முகமெல்லாம் பரு.

பரு வராமல் என்ன செய்யும்? அந்த நாட்டு வழக்கம் அப்படி. எந்தக் காலத்திலோ ஒரு பாட்டனார் போரில் முகத்தில் காயம்பட்டு வந்தபோது, சபையோர் ஆளுக்கொரு விரல் நெய் தடவி ஆற்றினார்களாம். அன்றிலிருந்து தினமும் சபை கூடியதும் ஒவ்வொருவரும் நெய்யைத் தொட்டு ராஜாவின் கன்னத்தில் தடவி விசுவாசம் காட்ட வேண்டும். குதிரையைத் தட்டிக்கொடுத்த கை, வெற்றிலை மடித்த கை, எல்லாக் கையும் அங்கேதான் வரும். ராஜாவுக்கோ பிறவியிலேயே எண்ணெய் வழிகிற முகம். சபை கலையும்போது அதில் அப்பளம் பொரிக்கலாம். போதாததற்கு, வழக்குக் கேட்கும்போதெல்லாம் அவர் விரல் தன்பாட்டில் மேலே போய் ஒரு பருவைக் கிள்ளிக்கொண்டிருக்கும். வழக்கு முடிவதற்குள் ஒன்று நாலாகிவிடும்.

நெய்க்குப் பொறுப்பு அலங்காரத் தலைவர் இரத்தினசபாபதி. பரு கூடக் கூட அவர் நெய்யில் குங்குமப்பூவையும் கூட்டிக்கொண்டே போனார். ராஜா அரண்மனைக் கண்ணாடிகளை எல்லாம் கழற்றச் சொன்னார். பிறகு, தான் மட்டும் தனியாகத் தெரியக் கூடாது என்று, சபையோர் எல்லாரும் கன்னத்தில் செம்மண் புள்ளி வைத்துக்கொண்டு வர வேண்டும் என்றார். சிரிக்காதீர்கள். தாடிக்காரச் சேனாதிபதிகூட வைத்துக்கொண்டுதான் வந்தார்.

தேர்த்திருவிழா நெருங்கியது. அன்று ராஜா திறந்த தேரில் ஊர் சுற்றி வர வேண்டும். இரத்தினசபாபதிக்கு அமைச்சர் செவ்வந்திநாதர் மேல் வெகுநாள் வயிற்றெரிச்சல், ராஜா எதற்கெடுத்தாலும் அவரையே கூப்பிடுகிறாரே என்று. கோள் சொல்லும்போது வலது கை விரலை நீட்டிக்கொண்டுதான் பேசுவார். அன்றும் நீட்டினார்.

"அரசே, இவ்வளவு புத்திசாலி அமைச்சர் இருந்தும் உங்கள் முகம் இப்படி இருக்கலாமா? பொறுப்பை அவரிடமே விட்டுவிடுங்கள்."

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. தேர் ஓடுவதற்குள் முகம் தெளியாவிட்டால் அமைச்சர் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார். சேதி கேட்ட அமைச்சரின் மனைவி தையல்நாயகி அழுதுகொண்டே பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்தாள்.

அமைச்சர் யோசித்தார். முகத்தைத் தொடாதீர்கள் என்று ஒரு வைத்தியர் சொல்லிப் பார்த்தார். அவர் இப்போது அடுத்த நாட்டில் இருக்கிறார். நெய் வேண்டாம் என்றால் பாட்டனார் வழக்கத்தைப் பழித்ததாக ஆகும். கடைசியில் மனைவி கட்டிய மூட்டையிலிருந்து ஒரு வெண்கலக் கிண்ணத்தை உருவி எடுத்தார். அவள் ரசம் ஊற்றி வைக்கிற கிண்ணம் அது.

மறுநாள் அதில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிச் சபைக்குக் கொண்டுவந்தார்.

"அரசே, இந்தத் தண்ணீரால்தான் என் குடும்பமே உயிர் வாழ்கிறது. சபை முடியும்வரை இதை இரண்டு கையாலும் ஏந்தியிருக்க வேண்டும். ஒரு சொட்டும் சிந்தக் கூடாது. சாதாரண ஆட்களால் ஆகிற காரியமில்லை."

"நான் சாதாரண ஆளா? கொண்டு வாரும்" என்றார் ராஜா.

காலையும் மாலையும் பயத்தமாவு கரைத்து மெதுவாக முகம் கழுவி, துவைத்த துணியால் ஒற்றியெடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது என்றார் அமைச்சர். நெய் வழக்கத்தையும் அவர் விடச் சொல்லவில்லை. கன்னத்துக்குப் பதில் பாதத்தில் தடவலாம், அதில் பணிவு இன்னும் அதிகம் என்றார். இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம் வரும்?

அன்றிலிருந்து ராஜா கிண்ணமும் கையுமாக உட்கார்ந்தார். கன்னம் அரித்தது. மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டார். பாதம் பளபளத்தது, முகம் காய்ந்தது. பழைய பருக்கள் ஒவ்வொன்றாக அடங்கின, புதிதாக வருவது குறைந்தது. வடு மட்டும் அங்கங்கே இருந்தது.

இரத்தினசபாபதிக்குத் தூக்கம் போயிற்று. தேருக்கு முந்தின நாள், சபை கூடுமுன் கிண்ணத்தில் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். ராஜா வந்து கிண்ணத்தை ஏந்தியதும் இவர் விரலை நீட்டிவிட்டார். "மோசம் போனீர்கள் அரசே. மருந்துமில்லை, மூலிகையுமில்லை. இது வெறும் கிணற்றுத் தண்ணீர்."

ராஜாவின் முகம் சிவந்தது. கிண்ணத்தை ணங்கென்று கீழே வைத்தார்.

"உண்மையா, அமைச்சரே?"

"உண்மைதான் அரசே. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். மருந்து என்று நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை."

"பிறகு எதற்கய்யா இதை என் கையில் கொடுத்தீர்?"

அமைச்சர் ராஜாவையே பார்த்துக்கொண்டு நின்றார். சேனாதிபதியும் பார்த்தார், சபையே பார்த்தது. கோபத்தில் ராஜாவின் வலது கை தன்பாட்டில் மேலே கிளம்பிக் கன்னத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அதற்குத்தான் அரசே" என்றார் அமைச்சர், மெதுவாக.

கை பாதியில் நின்றது. ராஜா அதை யாரோ ஒருவருடைய கையைப் போலப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். வெட்கமும் இருந்தது அந்தச் சிரிப்பில். செம்மண் புள்ளிகளை எல்லாரும் அங்கேயே துடைத்துக்கொள்ளலாம் என்றார். நெய் இனி என்றைக்கும் பாதத்துக்குத்தான் என்றும் சொல்லிவிட்டார்.

இரத்தினசபாபதி நழுவப் பார்த்தார். ராஜா கூப்பிட்டுக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார்.

"எனக்குக் குணமாகிவிட்டது. இனி நீர் ஏந்தும். இரண்டு கையாலும்."

அதன்பிறகு அந்தச் சபையில் அவர் யாரை நோக்கியும் விரல் நீட்டவில்லை. தையல்நாயகி மூட்டையை அவிழ்த்துப் பாத்திரங்களை அடுக்கியபோது ஒன்று குறைந்தது. அதற்குப் பதிலாக அரண்மனையிலிருந்து ஒரு தங்கக் கிண்ணம் வந்தது. அதிலும் அவள் ரசம்தான் ஊற்றினாள்.