மயிலாத்தா மூட்டின ஆத்தங்கரை அடுப்பு

ஒரு ஊருல ஒரு ராசா இருந்தாராம். அவரு நாட்டுல ஒரு வழக்கம். ஆடிப்பெருக்கு அன்னிக்கு எந்த வீட்டுலயும் அடுப்பு எரியக் கூடாது, சனம் பூரா ஆத்தங்கரைக்கு வந்துடணும், ராசாவோட சமையக்காரன் அங்கயே வெட்டவெளியில பொங்கிப் போடுவான். ராசாவுக்கும் அதே சோறுதான். ஏய், சோறுன்னதும் கண்ணு தொறக்குதோ? ம் கொட்டுடா மொதல்ல!

அந்த சமையக்காரன் பேரு சடையன், அவன் பொஞ்சாதி மயிலாத்தா. ஆனா பாரு, அந்த வருசம் உச்சிப்பொழுது ஆயிடுச்சு, சனமெல்லாம் இலையப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கு, சோறு வேகவே இல்ல! சடையன் ஊதுறான், ஊதுறான், ஊதிக்கிட்டே இருக்கான், கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து போச்சு, அடுப்புல வெறும் புகைதான் வருது. பக்கத்துல மணியக்காரன் நிக்கிறான். அரண்மனை விறகுக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு. தன் மச்சானை சமையக்காரனாக்கிடணும்னு அவனுக்கு ரொம்ப நாள் ஆசை. "மகராசா, விறகு எலும்பாட்டம் காஞ்ச விறகு, இவனுக்குத்தான் அடுப்பு மூட்டத் தெரியல"ன்னு போட்டுக் குடுத்துட்டான். ராசாவுக்கு வந்துச்சே கோவம்! அதுவும் பசியில வர்ற கோவம். "பிடிச்சு அடைங்கடா இவனை"ன்னுட்டாரு.

மயிலாத்தா சும்மா இருப்பாளா? முந்தானையை இழுத்துச் சொருகிக்கிட்டு ராசா முன்னால போய் நின்னுட்டா.

"மகராசா, பொழுது சாயறதுக்குள்ள இத்தனை சனத்துக்கும் நான் பொங்கிப் போடறேன். போட்டுட்டா எங்க வீட்டுக்காரரை விட்டுடணும்."

"போடலேன்னா?"

"என்னையும் சேத்து அடைச்சுடுங்க."

மணியக்காரன் குறுக்க விழுந்தான். "விறகுக் கொட்டாயில மூணு குமி குமிச்சுக் கெடக்கு. ஒரே வண்டி, ஒரே தினுசுதான் எடுக்கணும். அப்புறம் மாத்திக் கேட்டா கிடையாது புள்ளே!" ராசாவும் சரின்னுட்டாரு. மயிலாத்தா ஓடினா பாரு ஒரு ஓட்டம்!

கொட்டாய்க்குள்ள போனா, வாசல்லயே ஒரு குமி பனையோலை. "ஓலையே ஓலையே, நீ எப்படி எரிவே?"ன்னா. "நானா? ஒரு பொறி போதும் தாயி, பனை உசரத்துக்கு எரிவேன்!"ன்னுச்சு. "வெளியில ஆடிக்காத்து அடிக்குதே?" "அடிச்சா அதுகூடவே பறந்துடுவேன், உன் அண்டாகிட்ட எனக்கென்ன வேலை?" இது ஆவாதுன்னு நகந்துட்டா.

நடுவுல ஒரு குமி புளிய விறகு. "விறகே விறகே, நீ எப்படி எரிவே?"ன்னா. அது தேம்பித் தேம்பி அழுவுது. "எரியறதா? நானே குளிருல நடுங்கிக்கிட்டிருக்கேன் தாயி. மூணு நாளு என்னை ஆத்துல முக்கி வச்சான் அந்த மணியக்காரன். மேலாக்க மட்டும் வெயில்ல காட்டி எடுத்தான். உன் புருசன் அடுப்புக்கு அனுப்புனதும் என் கூடப் பொறந்தவங்களைத்தான்." மயிலாத்தாவுக்கு நெஞ்சு கொதிச்சுப் போச்சு. "அடப் பாவி! நல்லா இருப்பியாடா நீ?"ன்னு அங்கயே மண்ணை வாரித் தூத்தினா. ஆனா திட்ட ஏது நேரம், பொழுது எறங்குதே!

மூலையில ஒரு குமி வராட்டி. யானைக்குக் கொசுப்புகை போட அடுக்கி வச்சிருந்தது. "வராட்டியே வராட்டியே, நீ எப்படி எரிவே?"ன்னா. அதுக்கு வெக்கமா போச்சு. "என்னைப் போயி ராசா சோத்துக்குக் கேக்கறியே தாயி. எனக்குக் கொழுந்து விட்டு எரியத் தெரியாது, கங்காத்தான் கெடப்பேன்." "காத்து அடிச்சா?" "அடிக்க அடிக்க இன்னும் செவப்பேன்." "அட என் ராசாத்தி, வாடி!"ன்னு வண்டியில ஏத்திட்டா.

ஆத்தங்கரைக்கு வண்டி வந்ததும் மணியக்காரன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிக்கிறான். "சாணியில ராசா வீட்டு விருந்தா!" சனமும் சிரிக்குது. மயிலாத்தா வேலையில எறங்கிட்டா. காத்து வர்ற மேக்குப் பக்கம் வாய் வச்சு நீளமா குழி வெட்டச் சொன்னா, வராட்டியை ஒடைச்சு ஒடைச்சு அடுக்கினா, நாலு தணலைப் போட்டா, மேல அண்டா அண்டாவா ஏத்தினா. மொதல்ல புகைதான். "பாத்தீங்களா மகராசா!"ன்னு குதிக்கிறான் மணியக்காரன். அந்த நேரம் பாத்து வந்துச்சு காத்து! புர்ருன்னு குழி வாயில பூந்து இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓடுச்சு. புகை போன எடம் தெரியல. குழி முழுக்க செவசெவன்னு கங்கு! ஒலை தளதளன்னு கொதிக்குது, அரிசி போட்டா துள்ளுது, சனமெல்லாம் எந்திரிச்சு நின்னு கைதட்டுது!

புளிச்சோறு ஆச்சு, தேங்காச்சோறு ஆச்சு, தயிர்ச்சோறும் ஆச்சு. சூரியன் அக்கரை மரத்துக்குக் கீழ போகல, கடைசி இலைக்கும் சோறு விழுந்துடுச்சு!

ராசா மூணு தடவை வாங்கிச் சாப்பிட்டாரு. வயிறு ரொம்பினதும் கோவமெல்லாம் போயிடுச்சு. "அந்த நல்ல விறகை விட்டுட்டு ஏம்மா இதை எடுத்தே?"ன்னாரு. மயிலாத்தா நடந்ததை அப்படியே சொல்லிட்டா.

"பொய் மகராசா! அது எலும்பாட்டம் காஞ்ச விறகு! எங்கப்பன் மேல ஆணை!"ன்னு மணியக்காரன் கத்தினான். ராசா மீசையைத் தடவிக்கிட்டு, "அப்படியா? ரொம்ப நல்லது. நீ இன்னும் சாப்புடல இல்ல? இந்தா ஒரு படி அரிசி, அந்த விறகே ஒரு வண்டி. நீயே பொங்கித் தின்னு. அது வேகற வரைக்கும் வேற அடுப்புச் சோறு எவனும் இவனுக்குப் போடக் கூடாது!"ன்னாரு.

ஊதினான், ஊதினான், ஊதிக்கிட்டே இருந்தான். கண்ணுலயும் தண்ணி, மூக்குலயும் தண்ணி, அந்த விறகுலயும் தண்ணி. சடையனை வெளிய விட்டாங்க. அவன் இலை நிறைய சோத்தோட எதிர்லயே வந்து உக்காந்துக்கிட்டு, "இன்னும் கொஞ்சம் குனிஞ்சு ஊதுங்க மணியக்காரரே"ன்னான். புளிச்சோத்து வாசம் மூக்கைத் தொளைக்குது. பொறுக்குமா? "நான்தான் நனைச்சேன்! நான்தான் நனைச்சேன்! ஒரு கவளம் போடுங்க சாமி!"ன்னு ஓலமிட்டுக்கிட்டு சடையன் கால்லயே விழுந்துட்டான். சடையன் நிமிந்து ராசாவைப் பாத்தான். ராசா சொன்னாரு, "நான்தான் வாக்குக் குடுத்துட்டேனேப்பா. அது வெந்ததும் தின்னட்டும்."

அடுத்தவன் அடுப்பைக் கெடுத்தா தன் வயிறுதான் காயும், தெரிஞ்சுக்கங்க. அங்க வராட்டியும் சாம்பலாச்சு, இங்க கதையும் ஆச்சு, எந்திரிச்சுப் போயி கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.