பனியைச் சுமந்த வரையாடு

மலையில் உள்ளதெல்லாம் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், வெயில், காற்று, மழை, பனி என்று நான்கு பேர் வருஷந்தோறும் மலைக்கு விருந்தாளியாக வருவார்கள். ஆளுக்கு மூன்று மாதம். அடுத்தவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் இருப்பவர் எழுந்து போகலாம். மலையை ஒரு நாளும் வெறுமையாக விடக்கூடாது என்பது அங்கே வழக்கம்.

ஒரு வருஷம் மார்கழி பிறந்தும் பனி வரவில்லை. மழை போக முடியாமல் பெய்துகொண்டே இருந்தாள். பாறையெல்லாம் வழுக்கியது. கரியன் என்ற வரையாடு, கிளம்பிவிடச் சொல்லி மழையிடம் கெஞ்சினான். அவன் மனைவி செம்பிக்கு இன்றோ நாளையோ பிரசவம். இந்த ஈரப் பாறையில் பிறக்கிற குட்டி, காலை ஊன்றும்போதே வழுக்கிப் பள்ளத்தில் விழுந்துவிடுமே!

"நான் என்னப்பா பண்ணட்டும்? எனக்கும் ஊர் இருக்கு. அவ வந்தாத்தானே நான் கிளம்ப முடியும்?" என்று மழையும் அழுதாள்.

கரியன் கடவுளைக் கும்பிட்டுவிட்டு அடிவாரத்துக்கு இறங்கினான். பனி அங்கே ஒரு மரத்தடியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா மேலே வரலை?"

"போன தடவை நான் புறப்பட்டப்போ எல்லைவரைக்கும் வந்து வழியனுப்ப ஒரு ஜீவன் வந்துச்சா? வெயிலைக் கூட்டிவர எல்லாரும் ஓடினீங்க. நீயும்தான்."

கரியனுக்குச் சுருக்கென்றது. முதல் ஆளாக ஓடியவனே அவன்தான்.

"தப்புதாம்மா. நீ நடக்கக்கூட வேணாம், என் முதுகில ஏறிக்கோ."

மரத்திலிருந்து மந்தி ஒன்று சிரித்தது. "அடேய் கரியா, அவ ஏறினா நீ விறகுக்கட்டையா விறைச்சுப்போவே! செம்பிக்கு வேற மாப்பிள்ளை பார்க்கணுமா?"

"வாயை மூடிக்கிட்டு வழியை விடு."

பனி ஏறினாள். நெருப்புப் பட்டதுபோல் முதுகு எரிந்தது. இரண்டு முறை முழங்கால் மடங்கியது. ஒரு உலுக்கு உலுக்கினால் போதும், வலி போய்விடும். அவன் உலுக்கவில்லை. கடவுளே, கடவுளே என்று பாறை பாறையாகத் தாவி, உச்சியில் கொண்டுபோய் இறக்கினான்.

மழை இருவரிடமும் சொல்லிக்கொண்டு நிம்மதியாகக் கிளம்பினாள். இந்தத் தடவை கரியன் எல்லைவரை கூடவே போனான். மறுநாள் காலையில், காய்ந்த பாறைமேல் பிறந்த குட்டி தள்ளாடித் தள்ளாடி எழுந்து நின்றது.

கரியனைப் பார்த்த பனி பதறினாள். "ஐயோ, என்னால உன் முதுகு வெளுத்துப்போச்சே!"

"இருந்துட்டுப் போகட்டும்மா. என் பிள்ளை நிக்கிறதைப் பாரு."

அன்று முதல்தான் வரையாட்டுக் குட்டிகள் பனிக்காலத்தில் பிறக்கின்றன; நன்றாக வளர்ந்த கடாவின் கருத்த முதுகிலும், யாரோ உட்கார்ந்து எழுந்த இடம்போல, வெள்ளை விழுகிறது.