ஓடையைக் கேட்டு வந்த முதலாளி

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் நாற்பது தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, ஓடைத் தண்ணீரில் டர்பைன் ஓட்டி, தங்களுக்கு வேண்டிய கரண்ட்டைத் தாங்களே எடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஓடையைத் தன் கம்பனிக்கு எழுதி வாங்க, கொழும்பிலிருந்து ஒரு முதலாளி வந்து இறங்கினார். மைக்கும் ஜெனரேட்டரும் வேனில் கூடவே வந்தன.

டர்பைனைப் பார்த்துக்கொள்பவன் சன்னாசி. டர்பைனுக்குத் தண்ணீர் போகும் வாய்க்கால் வலையில் இலை அடைத்தால் கரண்ட் விழுந்துவிடும். அன்றைக்குப் பேய்க்காற்று. முதலாளி கூட்டிய கூட்டத்துக்கும் வலைக்குமாக ஓடி ஓடி இலை வாரினான்.

முதலாளி மைக்கில் ஒரு மணி நேரம் முழங்கினார். கடைசியில் சொன்னார்:

"கொழுந்து பறிக்கிற கைக்குக் கரண்ட் செய்யத் தெரியுமா? உங்க பொம்மை மெஷின் இந்த மைக்கை அரை மணி நேரம் ஓட்டட்டும், நான் போயிடுறேன். முடியாட்டி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க."

ஜனங்கள் தலைகுனிந்தார்கள். சிலர் பேனாவைக்கூடத் தேடினார்கள்.

சன்னாசி ஈரக்காலோடு முன்னால் வந்தான். "அப்போ பொறப்படுங்க தொரை."

"என்னடா சொல்ற?"

"ஒங்க ஜெனரேட்டர் சத்தத்துல பின்னால உள்ளவங்களுக்குப் பேச்சு கேக்கல. நீங்க ஆரம்பிச்சதுமே டிரைவர் அண்ணன்கிட்ட சொல்லி அதை நிப்பாட்டிட்டு, மைக் வயரை நம்ம லைன்ல மாட்டிட்டேன். அந்தப் பொம்மை மெஷின்தான் ஒரு மணி நேரமா எங்களைத் திட்டுறதுக்கு ஒங்களுக்குக் கரண்ட் குடுத்துச்சு."

முதலாளி வேனைத் திரும்பிப் பார்த்தார். டிரைவர் ஜெனரேட்டர்மேல் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"அவனை எழுப்புங்க, போகலாம்" என்று முதலாளி முணுமுணுத்தார். மைக் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கடைசி லயம்வரை தெளிவாகக் கேட்டது.