பருந்து சொன்ன சாட்சி

அந்தக் காலத்தில், பறவைகள் பேசினால் மனிதர்களுக்குப் புரியும். அப்போது ஒரு கோடையில், மலையடிவாரத்து ஊர் ஒன்றின் மேல் மூட்டம் கவிந்தது. பனி என்றுதான் முதலில் நினைத்தார்கள். வெயில் ஏறியும் அது கலையவில்லை. வேப்பிலையைத் தொட்டால் விரலில் மாவு போல ஒட்டியது. நல்லப்பன் என்ற உழவரின் சின்ன மகள் மூச்சு வாங்கி இருமிக்கொண்டே கிடந்தாள்.

இது எங்கிருந்து வருகிறது? யாருக்கும் தெரியவில்லை.

பருந்துக்கு அதை அறியாமல் இருப்புக்கொள்ளவில்லை. நேராக மேலே ஏறியது, எதிரே பார்த்தது, நேராக இறங்கியது. அந்நாளில் அது பறக்கும் விதமே அப்படித்தான்.

"மாசாணியின் சூளையிலிருந்து புகை வருகிறது" என்றது.

மாசாணி ஊரோரத்தில் பானை வனைபவள். கோபத்தோடு வந்த நல்லப்பனிடம், "என் சூளை வாரத்துக்கு ஒரு நாள்தானே எரியுது, அண்ணா? மூட்டம் தினமும் இருக்குதே!" என்றாள். மகளின் இருமலைக் கேட்டுக் கேட்டு நொந்திருந்த நல்லப்பன் காதில் அது ஏறவில்லை. கடப்பாரையால் சூளையை இடித்துத் தள்ளினார். உள்ளே வெந்துகொண்டிருந்த பானைகள் அத்தனையும் நொறுங்கின.

மறுநாளும் மூட்டம் இருந்தது. அதற்கு அடுத்த நாளும்.

பருந்துக்கு இரை இறங்கவில்லை. மறுபடி மேலே போனது. இந்த முறை சிறகை விரித்து, மெல்லத் திரும்பித் திரும்பி நாலு பக்கமும் பார்த்தது. மலைக்கு அப்பால் ஓர் ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. அதன் மண்ணைக் காற்று அள்ளி, கணவாய் வழியாக ஊருக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஏரிக்குப் போகும் ஓடையை மறித்துத் தங்கள் வயலுக்குத் திருப்பியிருந்தவர்கள் இந்த ஊர்க்காரர்களேதான்.

பருந்து மாசாணியிடம் வந்தது. "அக்கா, பாதிதான் பார்த்தேன். முழுசும் பார்த்தவன் மாதிரி சொல்லிட்டேன்."

மாசாணி ஓடுகளைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்றே? அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

சொன்னது. நல்லப்பன் மண்வெட்டியோடு போய் ஓடையின் அணையை அவரே வெட்டிவிட்டார். ஏரி நனைந்தது, மூட்டம் விலகியது, குழந்தை இருமாமல் தூங்கினாள். சூளையைக் கட்ட மண் சுமந்தவரும் அவர்தான். மாசாணி அவரோடு பேசத்தான் ஒரு வருடம் ஆயிற்று.

அன்றிலிருந்துதான், எவ்வளவு உயரம் போனாலும் பருந்து உடனே இறங்குவதில்லை. வட்டமிட்டு வட்டமிட்டு, எல்லாப் பக்கமும் பார்த்த பிறகே கீழே வருகிறது.