நமக்கு மூச்சு முட்டுது

"அக்கா செத்துப்போச்சு சாமி. யாரு தப்பு? சொல்லுங்க."

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு அக்கா?"

"நம்ம அக்கா."

செம்புலிங்கத்தின் வாயில் அதுதான் வந்தது. மரகதவல்லி அவன் கூடப் பிறந்தவள். ஒரே வயிறு. எரித்துவிட்டு வந்து மூன்று நாள்கூட ஆகவில்லை. அப்போதும் 'நம்ம'தான்.

சாமியின் குடிலில் 'நான்' என்று யாரும் சொல்லக் கூடாது. 'என்' கிடையாது. 'எனக்கு' கிடையாது. இருபத்திரண்டு பேருக்கும் ஒரே உலை, ஒரே பந்தி, ஒரே சொல். எதுவானாலும் 'நாம'. சாமி வைத்த சட்டம். பதினோரு வருஷமாக நடக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"உங்க சட்டம்தான் கொன்னுது," என்றான்.

"எப்படி?"

"பந்தியில உக்காந்து சொல்லுச்சு. 'நமக்கு மூச்சு முட்டுது'ன்னு."

"அதுக்கு?"

"பழனியாண்டி அண்ணன் கிண்டல் பண்ணாரு. 'பச்சை விறகை அடுப்புல வச்சா நமக்கு முட்டாம என்ன செய்யும்'னு. எல்லாரும் சிரிச்சோம். அக்காவும் சிரிச்சுது. அப்புறம் எந்திரிச்சுப் போயிருச்சு."

சாயங்காலம் வைக்கோல்போருக்குப் பின்னால் செத்துக் கிடந்தாள். மாடு அவிழ்க்கப் போனவன் பார்த்தான்.

"'எனக்கு'ன்னு ஒரே ஒரு வார்த்தை. அக்கா சொல்லியிருந்தா ஓடியிருப்போம் சாமி."

சாமி கீரையைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கேட்டுது," என்றார்.

செம்புலிங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினோரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததே இல்லை.

"அவ முகத்தப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டுச்சு. பச்சை விறகு இல்ல, அவளுக்குத்தான் முட்டுதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. இத்தனை பேரு இருக்காங்களே, யாராச்சும் போவாங்கன்னு சோத்தைப் பெசைஞ்சேன். நான் போகல."

சாமி அவன் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க உக்காந்திருந்த?"

"பக்கத்து இலை."

அவள் சோற்றைத் தொடாமலே இலையை மடித்தாள். அதைப் பார்த்தான். எழுந்திருக்கும்போது அவன் தோளைப் பிடித்துத்தான் எழுந்தாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது. அப்போதுதான் ரசம் வந்துகொண்டிருந்தது. அவன் சோற்றில் குழி பண்ணினான்.

"சட்டத்தை எடுத்தாச்சு லிங்கம். இந்த நிமிஷத்துல இருந்து கிடையாது. இப்பச் சொல்லு. யாரு போகல?"

செம்புலிங்கம் வாயைத் திறந்தான். 'நா' வரைக்கும் வந்தது.

சாமி காத்திருந்தார்.

"நாம... நாம யாருமே போகலையே சாமி."